ஜானி டாலரின் செலவுக் கணக்கு: பழைய வானொலித் துப்பறியும் நாடகத்தை வைத்து அலுவலக நெறிமுறைப் பயிற்சி நடத்த முழுமையான வழிகாட்டி

1940, 50களின் அமெரிக்க வானொலித் துப்பறியும் நாடகங்கள் அலுவலக நெறிமுறைப் பயிற்சிக்கு நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் குற்றவாளியை விட்டுவிட்டுத் துப்பறிகிறவரைக் கவனிக்க வேண்டும். கொலைகாரனைப் பார்த்து யாரும் திருந்தப் போவதில்லை. "நாம யாரையும் கொல்லலையே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். கதாநாயகன் ஓட்டல் எழுத்தர் கையில் பத்து டாலரைத் திணித்துவிட்டு, அதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதும்போதுதான் அறையில் நாலு பேர் மேசையைப் பார்ப்பார்கள். பயிற்சி அந்த வரியிலிருந்து தொடங்குகிறது.

கீழே உள்ளது 12 முதல் 20 பேருக்கான 90 நிமிட அமர்வு. எச்.ஆர். ஆட்கள், கல்லூரியில் வணிக நெறிமுறை நடத்துகிறவர்கள், தணிக்கைக் குழுவினர் யாரும் அப்படியே எடுத்து நடத்தலாம். புதிதாக நடத்துகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது வரிசையில். அதனால் படிகளை இடம் மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

25 முதல் 30 நிமிடம் ஓடும் ஓர் அத்தியாயத்தின் ஒலிக்கோப்பு, நல்ல ஸ்பீக்கர் ஒன்று, வெள்ளைப் பலகை, ஆளுக்கு இரண்டு தாள், பேனா. இவற்றோடு உங்கள் நிறுவனத்தின் பயணப்படி விதிகள், பரிசுப்பொருள் விதிகள், புகார் கொடுக்கும் முறை மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். "எங்கேயோ ஷேர்டு டிரைவ்ல இருக்கு" என்ற பதிலோடு அமர்வைத் தொடங்காதீர்கள். விவாதம் சூடு பிடிக்கும் நேரத்தில் யாராவது "நம்ம ரூல் என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். அப்போது தாள் கையில் இல்லையென்றால் மீதி நேரம் ஊகத்தில் போய்விடும்.

1. சிக்கலை முதலில் எடுங்கள், நாடகத்தைப் பிறகு

ஒரு வரியில் எழுதுங்கள்: "பயணச் செலவுக் கணக்கில் கூட்டி எழுதுவது", "விசாரணை அறிக்கையில் அபிப்பிராயம் கலப்பது", "வாடிக்கையாளர் ரகசியம்". ஒன்றே ஒன்று. இரண்டு எழுதினால் இரண்டும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

புதியவர்கள் தலைகீழாகப் போவார்கள். தங்களுக்குப் பிடித்த அத்தியாயத்தை முதலில் எடுத்து, அதில் என்னென்ன பாடம் இருக்கிறது என்று தேடுவார்கள். கதை என்றால் பேராசை, பொய், பழிவாங்கல் எல்லாம் இருக்கத்தான் செய்யும். கடைசியில் எல்லாவற்றையும் பேசி, எதையும் முடிவு செய்யாமல் கலைவார்கள்.

2. எந்தச் சிக்கலுக்கு எந்தத் தொடர்

செலவுக் கணக்கு, கமிஷன், நலன் முரண் (சொந்த லாபமும் வேலைக் கடமையும் மோதுவது) இந்த மூன்றுக்கும் "யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்". சி.பி.எஸ். வானொலியில் 1949 முதல் 1962 வரை ஓடிய தொடர். ஜானி டாலர் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வேலை பார்க்கும் தனி விசாரணையாளர். கதை முழுவதையும் அவர் நிறுவனத்துக்கு எழுதும் செலவுக் கணக்காகவே சொல்வார்: "செலவு வரி ஒன்று, இத்தனை டாலர், விமானக் கட்டணம்" என்று தொடங்கி, மொத்தத் தொகையைக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு முடிப்பார். நெறிமுறைப் பயிற்சிக்கு இதைவிடத் தோதான வடிவம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. செயலையும் அதைக் காகிதத்தில் எழுதிய விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பல நடிகர்கள் இந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கிறார்கள். பயிற்சிக்கு பாப் பெய்லி நடித்த 1955–60 காலத்து அத்தியாயங்களை எடுங்கள். உச்சரிப்பு தெளிவு, கணக்கு வரிகளும் ஒழுங்காக வரும். ஓர் எச்சரிக்கை: 1955 அக்டோபர் முதல் 1956 நவம்பர் தொடக்கம் வரை இது வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 15 நிமிடமாக ஓடியது. ஒரே கதை ஐந்து துண்டு. அதில் ஒரு துண்டை மட்டும் இறக்கிப் போட்டுவிட்டு "கதை முடியவே இல்லையே" என்று முழிப்பவர்கள் உண்டு. ஒரே அமர்வுக்கு 1956 நவம்பருக்குப் பிந்தைய அரை மணி நேர அத்தியாயங்கள்தான் சரி. ஷிஃப்ட் தொடங்கும் முன் தினம் கால் மணி நேரம் கிடைக்கும் தொழிற்சாலை என்றால் ஐந்து துண்டுக் கதை அருமையாகப் பொருந்தும், திங்கள் முதல் வெள்ளி வரை.

விசாரணை, புகார், விபத்து அறிக்கை எழுதுகிறவர்களுக்கு "டிராக்நெட்". என்.பி.சி. வானொலியில் 1949ல் தொடங்கியது. ஜாக் வெப் சார்ஜென்ட் ஜோ ஃப்ரைடேயாக நடித்தார். ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் கிழமை, தேதி, வானிலை, எந்த ஷிஃப்ட், எந்தப் பிரிவு, கூட்டாளி யார், மேலதிகாரி யார் என்று அடுக்கிவிட்டுத்தான் கடைசியில் தன் பெயரைச் சொல்வார். "வானிலை எதுக்கு?" என்று சிரிப்பார்கள். தரை ஈரமாக இருந்ததா என்று எழுதாத விபத்து அறிக்கை ஒன்றைக் காட்டுங்கள், சிரிப்பு நிற்கும். மேலதிகாரி பெயர் ஏன் என்பதற்கும் பதில் உண்டு: அறிக்கை யார் கைக்குப் போகிறது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. "ஜஸ்ட் த ஃபேக்ட்ஸ், மேம்" (நடந்ததை மட்டும் சொல்லுங்க, மேடம்) என்பதை ஜோ ஃப்ரைடேயின் வசனம் என்று ஸ்லைடில் போடாதீர்கள். அதைப் பரப்பியது நகைச்சுவைக் கலைஞர் ஸ்டான் ஃப்ரீபெர்க் 1953ல் வெளியிட்ட கேலிப் பதிவு. உண்மையை மட்டும் எழுதச் சொல்லித்தரும் வகுப்பில் முதல் ஸ்லைடே தப்பு என்றால் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சுட்டிக்காட்டுவார்.

மேலாளருக்கும் உதவியாளருக்கும் உள்ள உறவைப் பேச வேண்டுமா? "த அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சாம் ஸ்பேட்" (1946–51). ஸ்பேட் தன் அறிக்கையை எஃபி என்ற செயலாளருக்கு வாய்மொழியாகச் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். சொல்கிறவர் பொய் சொன்னால் எழுதுகிறவரின் பொறுப்பு என்ன என்பது நல்ல கேள்வி. ஸ்பேட் எஃபியிடம் சரசமாடும் தொனி இன்று காதில் உறுத்தும். அந்த உறுத்தலே விவாதப் பொருள் என்றால் போடுங்கள். வேறு விஷயம் பேசப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், பேச்சு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இனி ஜானி டாலரை வைத்தே போகிறேன்.

3. மூன்று முறை கேளுங்கள்

முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாவது முறை ஒவ்வொரு செலவு வரியும் எந்த நிமிடம், எந்த நொடியில் வருகிறது என்று குறியுங்கள். மூன்றாவது முறை காதைத் தீட்டிக்கொண்டு கணக்கில் வராதவற்றைக் கேளுங்கள்: யாரிடமாவது வாங்கிக் குடித்தாரா, தான் யார் என்று மறைத்துப் பேசினாரா, வாக்குக் கொடுத்து மீறினாரா.

மூன்றாவது முறையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். கணக்கில் இருப்பதை எல்லோரும் பிடித்துவிடுவார்கள். இல்லாததைக் கேட்க இரண்டு முறை காது பழக வேண்டும்.

இந்தக் காலத்து நாடகங்களில் வேற்று இனத்தாரைக் கேலி செய்யும் உச்சரிப்பும், பெண்களை மட்டம் தட்டும் வசனமும் வரும். மூன்று முறை கேட்டால் அவை எங்கே என்று முன்கூட்டியே தெரியும். வெட்டுவதா, முன்பே சொல்லிவிட்டுப் போடுவதா என்று அமர்வுக்கு முன் முடிவு செய்யுங்கள். கதைக்கருவையும் பாருங்கள். "டிராக்நெட்"டின் 1949 கிறிஸ்துமஸ் அத்தியாயம் மிகப் பேர் பெற்றது, ஆனால் துப்பாக்கியால் ஒரு சிறுவன் இறப்பதைப் பற்றியது. அலுவலக அறையில் யார் எந்தத் துக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

4. ஒலிக்கோப்பும் அறையும்

இணையத்தில் கிடைக்கும் கோப்புகளின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி இருக்கும். அதை முழுதாக நம்ப வேண்டாம். தலைப்பு ஒன்று, உள்ளே வேறு கதை என்று அமைவதும் உண்டு. முழுக்கக் கேட்ட கோப்பையே போடுங்கள், அமர்வன்று காலையில் "இன்னும் தெளிவானது" என்று புதிதாக ஒன்றை இறக்காதீர்கள்.

பல கோப்புகள் மிகக் குறைந்த தரத்து எம்பி3. இரைச்சலை மென்பொருளால் ஒரேயடியாக நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். கொஞ்சம் கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும். வெட்ட வேண்டியிருந்தால் வெட்டிய துண்டை வேவ் கோப்பாகச் சேமியுங்கள். மறுபடி எம்பி3 ஆக்கினால் இருக்கிற தரமும் போகும்.

கூட்ட அறையின் கூரை ஸ்பீக்கரைத் தவிருங்கள். எதிரொலியில் ஆங்கில வசனம் கரைந்துவிடும். முன்னால், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில், ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும். ஜூமில் நடத்தினால் திரையைப் பகிரும்போது ஒலியையும் பகிரும் பெட்டியில் டிக் போடுங்கள். மறந்தால் உங்கள் மைக் வழியாகத்தான் ஒலி போகும். ஜூமின் இரைச்சல் வடிகட்டி ஆர்கன் இசையையும் துப்பாக்கிச் சத்தத்தையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும்.

காப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் உரிமை எல்லாம் காலாவதி ஆகிவிட்டது என்று பொருளல்ல. 1972க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கும் அமெரிக்காவில் 2018ல் வந்த சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஒலியை வெட்டி நிறுவனத்தின் பயிற்சித் தளத்தில் ஏற்றுவதற்கு முன் உங்கள் சட்டப் பிரிவைக் கேளுங்கள். நெறிமுறை வகுப்புக்குத் திருட்டு நகல் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

5. ஒரு பக்கத் தமிழ்த் தாள்

1950களின் அமெரிக்கப் பேச்சு வேகமானது. ஆங்கிலத்தில் தினமும் மின்னஞ்சல் எழுதுகிறவருக்கும் பாதிதான் பிடிபடும். பிடிபடவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள்.

ஒரு பக்கத்தில், ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு முதல் எட்டு வரியில் நடந்ததைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். மேலே பாத்திரங்கள் ஐந்து பேருக்கு மிகாமல், பெயரும் ஒரே சொல்லில் வேலையும்: எழுத்தர், விதவை, முகவர், டாக்டர். வானொலியில் முகம் கிடையாது, பெயர் குழம்பினால் எல்லாம் குழம்பும். கடைசிப் பகுதியின் சுருக்கத்தை மட்டும் அச்சிடாதீர்கள். ஏன் என்று 7ஆம் படியில் வருகிறது.

வேகத்தை 0.9க்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் எல்லோரும் குடித்திருப்பதுபோலக் கேட்கும்.

ஒலியை ஓடவிட்டபடியே மேலே தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம். இரண்டு குரலும் கேட்காது.

6. குறிப்புத் தாள்: நான்கு பத்திகள்

ஆளுக்கு ஒரு தாள். பத்திகள் இடமிருந்து வலமாக: "என்ன செய்தார்", "அப்போது அவருக்கு என்ன தெரியும்", "கணக்கில் எப்படி எழுதினார்", "கணக்கைப் படிப்பவருக்குத் தெரியாமல் போனது என்ன".

"சரியா, தப்பா" என்ற பத்தி வேண்டாம். அதை வைத்தால் முதல் நிமிடத்திலேயே டிக் போட்டுவிட்டு, மீதி நேரம் போட்ட டிக்கைக் காப்பாற்றவே கேட்பார்கள்.

7. மூன்று இடத்தில் நிறுத்துங்கள், முடிவைப் போடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிறுத்தம் அவர் வேலையை ஒப்புக்கொண்டு முதல் செலவு வரியைச் சொன்னதும். இரண்டாவது, யாரிடமாவது காசு கொடுத்தோ பொய் சொல்லியோ தகவல் வாங்கியதும். மூன்றாவது, குற்றவாளி யார் என்று வெளிப்படுவதற்குச் சற்று முன்னால், பொதுவாகக் கடைசி ஐந்து அல்லது ஆறு நிமிடத்துக்கு முன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று நிமிடம் எழுத மட்டும். பேச்சு கிடையாது.

மூன்றாவது நிறுத்தத்துக்குப் பிறகு ஒலியை நிறுத்திவிட்டு முழு விவாதத்தையும் அங்கேயே நடத்துங்கள். எல்லோரும் முனகுவார்கள். "சார், அஞ்சு நிமிஷந்தானே, முடிச்சிரலாமே" என்பார்கள். இறங்கி வராதீர்கள்.

காரணம் இது. துப்பறியும் நாடகத்தில் கதாநாயகனின் சந்தேகம் எப்போதும் சரியாகவே முடியும். பூட்டை உடைத்து உள்ளே போனால் உள்ளே ஆதாரம் இருக்கும். பொய் சொல்லி வரவழைத்த ஆள்தான் குற்றவாளி. முடிவைக் கேட்டுவிட்டால் "நல்லபடியாத்தானே முடிஞ்சுது" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாக் கேள்வியும் அடிபட்டுப் போகும். அலுவலகத்தில் முடிவு எடுக்கும்போது கடைசி ஐந்து நிமிடம் யார் கையிலும் இருப்பதில்லை. அதே நிலைமையில் அவர்களை உட்காரவைக்கத்தான் இந்த நிறுத்தம்.

விவாதம் முடிந்த பிறகு கடைசிப் பகுதியைப் போடுங்கள். பிறகு ஒரே கேள்வி: "யாருடைய பதிலாவது மாறியதா?" மாறியவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி, எது மாற்றியது என்று பலகையில் எழுதுங்கள். பெரும்பாலும் கதாநாயகன் செய்ததைப் பற்றி அவர்களுக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது, விளைவு மட்டுமே தெரிந்திருக்கும். பலகையில் அதைப் பார்த்ததும் அவர்களே பிடித்துக்கொள்வார்கள். விளக்கிச் சொல்லித் தொலைக்காதீர்கள்.

8. கேள்விகளின் வரிசை, பேசுகிறவர்களின் வரிசை

கேள்விகள் இந்த வரிசையில்: என்ன நடந்தது? அந்த நேரத்தில் அவருக்கு வேறு என்ன வழி இருந்தது? அவர் எழுதியதை வைத்து நிறுவனத்துக்கு என்ன தெரியும்? பணம் கடைசியில் யார் பையிலிருந்து போகிறது? நம் விதி என்ன சொல்கிறது?

"ஏன் அப்படிச் செய்தார்?" என்று தொடங்கினால் எல்லோரும் மனோதத்துவ நிபுணர் ஆகிவிடுவார்கள். காரணம் ஊகம், செயல் காதால் கேட்டது. கேட்டதிலிருந்து தொடங்குங்கள்.

நாலாவது கேள்வியில் கொஞ்சம் நில்லுங்கள். காப்பீட்டு நிறுவனம் தருகிறது என்பார்கள். நிறுவனத்துக்கு எங்கிருந்து வருகிறது, பிரீமியம் கட்டுகிறவரிடமிருந்து. இந்த இழையைப் பிடித்தால் கமிஷன் விஷயமும் வரும். சில அத்தியாயங்களில் மீட்டுக்கொடுத்த சொத்தின் மதிப்பில் ஒரு பங்கு ஜானி டாலருக்குக் கூலி. நகையை மீட்டால் காசு, திருடனைப் பிடித்தால் தனியாகக் காசு இல்லை என்று வைத்துக்கொண்டால், திருடனோடு பேரம் பேசி நகையை மட்டும் வாங்கிவர அவருக்கு ஆசை வராதா? கடன் வசூல், விற்பனை இலக்கு, கிளெய்ம் தீர்வு என்று ஊக்கத்தொகை உள்ள எந்தப் பிரிவினரும் இந்த இடத்தில் விழித்துக்கொள்வார்கள்.

பேசும் வரிசை: பணியில் இளையவர் முதலில், மேலாளர் கடைசியில். நம் அலுவலகங்களில் பெரியவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர் எல்லோரும் "ஆமா சார், அதேதான்" என்று முடித்துக்கொள்வார்கள். மேலாளரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவையுங்கள். கடைசி வரை சும்மா இருக்க முடியாதவர் என்று தெரிந்தால் அவரை அழைக்காமல் நடத்துவதே மேல்.

9. பில் பயிற்சி

விவாதத்தின் நடுவில், நாலு நாலு பேராகப் பிரித்து, இந்தக் கணக்கைக் கொடுங்கள். நாடகத்தின் பாணியில் பயிற்சிக்காக எழுதியது, எந்த அத்தியாயத்திலும் இருப்பதல்ல.

வரி 1. ஹார்ட்ஃபோர்டிலிருந்து விமானம், டாக்ஸி: 38.40 டாலர்
வரி 2. ஓட்டல் அறை, இரண்டு இரவு: 17.00
வரி 3. ஓட்டல் எழுத்தருக்கு, பதிவேட்டைப் பார்க்கவிட்டதற்கு: 10.00
வரி 4. இரவுச் சாப்பாடு, இரண்டு பேர், ஒருவர் சாட்சி: 14.00
வரி 5. கைகலப்பில் கிழிந்த கோட்டுக்குப் பதில் புதுக் கோட்டு: 45.00
வரி 6. இதர: 6.85
மொத்தம்: 131.25

கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் கணக்குப் பிரிவு. ஒரே ஒரு வரியைத் திருப்பி அனுப்பலாம். எது?"

பெரும்பாலானவர்கள் 3ஆம் வரியைக் கைகாட்டுவார்கள், லஞ்சம் என்று. கணக்குப் பிரிவில் உண்மையாகவே வேலை பார்க்கிறவர் குழுவில் இருந்தால் 6ஆம் வரியைச் சொல்வார். இந்தச் சண்டையை வளரவிடுங்கள். 3ஆம் வரி தப்பான செயல், ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறது. யாரும் அதைப் பிடித்து நிறுத்த முடியும். 6ஆம் வரியில் தப்பே இல்லாமலும் இருக்கலாம், ஆனால் அது என்ன என்று யாருக்கும் தெரியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் அடுத்த முறை வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது பேனாவை ஒரு நொடி நிறுத்துவார்.

5ஆம் வரியில் எல்லோரும் சுலபமாக விட்டுக்கொடுத்துவிடுவார்கள், வேலையில் கிழிந்ததுதானே என்று. பழைய கோட்டு எவ்வளவு பெறும் என்று கேளுங்கள். 4ஆம் வரியில் சாட்சிக்குச் சாப்பாடு வாங்கித்தந்தால் சாட்சி சொன்னதன் மதிப்பு என்ன ஆகும் என்பது நேரமிருந்தால் பேச வேண்டியது.

அடுத்து நம் ஊர் நிலைமைக்கு மாற்றுங்கள். வெற்றுத் தாளில், பெயர் எழுதாமல், ஒரு வரி: "நம்மைப் போன்ற நிறுவனத்தில் 3ஆம் வரி வந்தால் எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்?" மடித்துப் பெட்டியில் போடச் சொல்லிப் படியுங்கள். கன்வேயன்ஸ், டீ செலவு, லோடிங் கூலி, ஸ்டேஷனரி, ஆபீஸ் பராமரிப்பு, கோயில் நன்கொடை. படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும், பிறகு ஓர் அமைதியும் வரும்.

கேள்வியின் சொற்களை மாற்றாதீர்கள். "எழுதுவார்கள்" என்றே இருக்கட்டும். "நீங்கள் எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்" என்று கேட்டால் அது வாக்குமூலம் ஆகிவிடும். அறையில் 20 பேர் முன்னால் ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் உங்களால் கேட்காததுபோல இருக்க முடியாது. அப்படி யாராவது தொடங்கினால் உடனே நிறுத்தி, "இதை இங்கே வேண்டாம், முடிந்ததும் பேசலாம்" என்று சொல்லி, பிறகு புகார் முறைக்கு வழிகாட்டுங்கள்.

இந்தியாவில் நடத்துகிறீர்கள் என்றால் ஓட்டல் எழுத்தரும் அரசு ஊழியரும் ஒன்றல்ல என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பதே குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாளுக்குள் உரிய அதிகாரியிடம் புகார் செய்தால்தான் விலக்கு. இந்த ஏழு நாள் கணக்கு களப்பணியாளர்கள் பலருக்குத் தெரிவதில்லை. பலகையில் பெரிதாக எழுதுங்கள்.

10. நாடகம் தப்பாகச் சொல்லித்தரும் இடங்கள்

சொல்லாமல் விட்டால் இவை பாடமாக ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ஆள் தகவல் சேகரித்து, சந்தேகப்பட்டு, குற்றம் சாட்டி, தீர்ப்பும் சொல்லிவிடுவது. நாடகத்துக்கு வேகம் வேண்டும், அதனால் அப்படி. அலுவலக விசாரணையில் புகார் கொடுத்தவர், விசாரிப்பவர், முடிவெடுப்பவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எழுத்தில் காரணம் சொல்லி, பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும்.

கடைசியில் குற்றவாளி தானே உடைந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது. இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் விசாரணைக்கு உட்கார்ந்தால் அழுத்திக் கேட்டால் வந்துவிடும் என்று நம்புவார்கள். அழுத்தினால் பயத்தில் தலையாட்டுவதும் வரும்.

அறிக்கைக்கு யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்று கேட்காமல் விடுவது. "டிராக்நெட்" லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் வழக்குக் கோப்புகளை வைத்து, அவர்கள் ஒத்துழைப்போடு உருவானது. "இந்தக் கதையில் காவல்துறையே தப்பு செய்திருந்தால் நம் காதுக்கு வந்திருக்குமா?" என்று கேளுங்கள். தன் பிரிவின் மீதான விசாரணை அறிக்கையைத் தானே திருத்தித் தரும் மேலாளரைப் பற்றிப் பேச நேரடி வழி இது.

பாலியல் துன்புறுத்தல் புகார் ஏதாவது நிலுவையில் உள்ள பிரிவில் இந்த அமர்வை நடத்தாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விசாரணையின் விவரங்களை வெளியிடக் கூடாது. கற்பனைக் கதையின் விவாதம் பெயர் சொல்லாமலே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

11. நேரப் பங்கீடு

அறிமுகம் 5 நிமிடம். மூன்றாவது நிறுத்தம் வரை ஒலியும் எழுதும் நேரமும் சேர்த்து 35. விவாதம் 15, பில் பயிற்சி 20. கடைசிப் பகுதியும் பதில் மாறியதா என்ற கேள்வியும் 10. நாடகம் தப்பாகச் சொல்லித்தருபவற்றுக்கு 5. நேரம் இழுத்தால் அறிமுகத்தை வெட்டுங்கள், பில் பயிற்சியைத் தொடாதீர்கள். வானொலியின் பொற்காலம், ஜானி டாலராக நடித்தவர்கள் யார் யார் என்றெல்லாம் பத்து நிமிடம் பேச ஆசை வரும். டீ நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.

12. முப்பது நாள் கழித்து

பெட்டியில் வந்த தலைப்புகளின் பட்டியலைக் கணக்குப் பிரிவுக்குக் கொடுங்கள். பெயர் இல்லை, எண்ணிக்கையும் வேண்டாம். தலைப்புகள் மட்டும். அடுத்த மாதப் பில்களில் "இதர" என்ற வரியில் விளக்கம் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் போதும்.

"இதர" குறைந்து, அதே அளவுக்கு "டீ செலவு" ஏறியிருந்தால் தலைப்பு மட்டும்தான் மாறியிருக்கிறது. அப்போது இரண்டாவது அமர்வுக்கு வேறு அத்தியாயம் எடுங்கள், முதல் படியில் எழுதும் வரி மட்டும் இப்படி இருக்கட்டும்: "பில்லைச் சரிபார்ப்பவர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவது". அந்த அமர்வுக்குக் களப்பணியாளர்களைக் கூப்பிட வேண்டாம். கையெழுத்துப் போடுகிறவர்களைக் கூப்பிடுங்கள்.